நூலகத்தில் நடந்த ஆடிட்

பிள்ளைகள் நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கற்றுக்கொள்வதில்லை. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஆம்பூரில் எங்கள் பகுதி நூலகத்தில் மானம் போன பிறகே இந்த ஞானம் எனக்கு வந்தது.

நான் ஒரு ஷூ கம்பெனியில் ஹெச்.ஆர். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அவ்வப்போது ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி, யாராவது மிரட்டுகிறார்களா என்று தொழிலாளர்களைத் தனியாக வைத்துக் கேட்பார்கள். பயத்தில் யாரும் உளறிவிடக் கூடாதே என்று கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பெண்களை முந்தைய நாளே வீட்டுக்குக் கூப்பிட்டு ஒத்திகை பார்ப்பேன். (பொய் சொல்லச் சொல்வதில்லை. உண்மையைச் சிரித்த முகத்தோடு சொல்லச் சொல்வேன்.) ஒத்திகையின்போது மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் மதுமிதா. (உண்மைப் பெயர் போடக் கூடாது என்றதும் இந்தப் பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள்.)

மதுமிதாவுக்கு அப்போது ஒன்பது வயது. பெற்றோர் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில், குழந்தைகள் நலக் குழு ஆணை போட்டு, வளர்ப்புப் பராமரிப்புக்காக அவளை எங்களிடம் விட்டிருந்தது. வந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே 'நல்லா இருக்கு ஆன்ட்டி'தான். நான் தீய்த்த தோசையும் நல்லா இருக்கும், என் கணவர் பாடுவதும் நல்லா இருக்கும். (இரண்டுமே சகிக்காது.) அவள் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் நூலக அட்டை. கூடப் படிக்கிற பிள்ளைகள் வைத்திருந்தார்களாம்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பள்ளியில் ஒருமுறை யாரோ எல்லார் முன்னாலும், "இவங்க உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டுவிட, ரெண்டு நாள் பேசாமல் இருந்தவள் அவள். நூலகத்திலும் அதே கேள்வி வந்தால் இனி எதையுமே கேட்க மாட்டாள். அதனால் ஆட்டோவில் போகும்போதே உபதேசம் செய்தேன்.

"ஆடிட் மாதிரினு வெச்சுக்கோ. சிரிச்ச முகமா பதில் சொல்லணும்."

"சரி ஆன்ட்டி."

நூலகர் நடுத்தர வயதுப் பெண். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வா கண்ணு, எப்டி இருக்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

மதுமிதா கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஆரம்பித்தாள். "வேளாவேளைக்கு சாப்பாடு குடுக்கறாங்க. குடிக்க நல்ல தண்ணி இருக்கு. யாரும் கை நீட்டறதில்ல. ஓவர்டைம் கட்டாயம் கிடையாது. யாரும் மெரட்டி வெச்சுக்கல. நானா இஷ்டப்பட்டுதான் இருக்கேன்."

நூலகத்தில் அத்தனை செய்தித்தாள்களும் ஒரே சமயத்தில் கீழே இறங்கின.

நான் சமாளிப்பதாக நினைத்து, "அதெல்லாம் வேணாம்மா, நான் சொல்லிக்குடுத்தத மட்டும் சொல்லு" என்றேன். (இதைவிடக் கச்சிதமாக எந்தக் குற்றவாளியும் மாட்டிக்கொண்டதில்லை.)

நூலகரின் முகம் மாறியது. "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. நான் பாப்பாகிட்ட தனியா பேசறேன்."

ஆடிட்டுக்கு வருகிறவர்களும் ஹெச்.ஆரைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள். செருப்பு விடும் இடத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "எத்தினி மாசமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நூலகர் ஒரு போன் போட்டால் போதும், விசாரணைக்கு ஆள் வரும், அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அட்டை வாங்க வந்து பிள்ளையையே தொலைத்துவிட்டேனே! குழுவின் ஆணை என் கைப்பையில்தான் இருந்தது. அதை எடுத்துக் காட்டலாம் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

நூலகர் கூப்பிட்டார். "வீட்ல ஏதாச்சும் கொறை இருக்கானு கேட்டேன். ஒண்ணு இருக்குதாம்."

"இன்னா மேடம்?"

"ஜடைய ரொம்ப இறுக்கமா பின்றீங்களாம். புருவம் மேல ஏறிக்குதாம். ஸ்கூல் விடற வரைக்கும் தலை வலிக்குதாம்."

தினமும் காலையில் வலிக்கிறதா என்று கேட்பேன். அதற்கும் நல்லா இருக்கு என்றுதான் சொல்லியிருந்தாள்.

மதுமிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னதுக்கு என்னை திருப்பி அனுப்பிடுவீங்களா ஆன்ட்டி?"

இந்தப் பயத்தோடுதான் இத்தனை நாளும் தீய்ந்த தோசையை விழுங்கியிருக்கிறாள். அங்கேயே ரிப்பனை உருவி ரெண்டு ஜடையையும் அவிழ்த்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, "மாட்டேன்" என்றேன்.

அப்புறம்தான் ஆணையை எடுத்து நீட்டினேன். நூலகர் படித்தார். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். நான் பயந்த கேள்வியைக் கடைசிவரை கேட்கவே இல்லை. "இத மொதல்லயே காட்டியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். தலைவிரி கோலத்தில் மதுமிதா அலமாரிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குறைகளுக்குக் குறைவே இல்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி, அங்கிள் பாட்டு பேஜார், தோசை கருகிப்போய்ட்டுது. ஒவ்வொன்றும் என் காதுக்குத் தேனாக இருக்கிறது. (கணவருக்கு அப்படி இல்லை.)

இப்போதும் விருந்தாளிகள் யாராவது, "எப்டி இருக்க பாப்பா?" என்று கேட்டால் போதும். உடனே என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்பாள். நானும் எழுந்துபோய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே அவள் என்னைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருப்பது கேட்கும்.