எலுமிச்சம்பழத்துக்கும் நிற்காத என் கார்

நாமக்கல்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் காளியண்ணன் அவர்களுக்கு,

தண்டாயுதபாணி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சாரதாமணியும் சுகம். திருச்செங்கோட்டில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். சத்தீஸ்கர் போன உங்கள் போர்வெல் ரிக் வண்டி போர் போடும் இடத்திலெல்லாம் தண்ணீர் பார்க்கிறது என்று கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். இந்தக் காலத்தில் எதற்குக் கடுதாசி என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அக்கா காதில் விழும், நான் போனை வைப்பதற்குள் விஷயம் உங்கள் தங்கைக்கு வந்து சேர்ந்துவிடும். விஷயம் இதுதான்: உங்கள் தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் காரை எடுத்துக்கொண்டு போகிறாள். நீங்கள்தான் கண்டிக்க வேண்டும். பிறந்த வீட்டு அண்ணன் சொன்னால்தான் அவள் காதில் ஏறும். அவள் போய்விட்டு வரும்வரை நான் கேட்டைப் பார்த்துக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறேன். டிவி ஓடுகிறது, அதில் என்ன ஓடுகிறது என்று தெரிவதில்லை.

ரிட்டையரான கையோடு வாங்கிய காரை நான் எப்படி வைத்திருந்தேன் என்று உங்களுக்கே தெரியும். மழை வந்தால் எடுக்க மாட்டேன், வெயில் அடித்தால் எடுக்க மாட்டேன், மற்ற நாட்களில் துடைத்து உறை போட்டு வைத்திருப்பேன். போன வருஷம் கோழிப்பண்ணை பெரியநாயகி டிரைவிங் கற்றுக்கொள்ளப் போனாள், துணைக்கு உங்கள் தங்கையும் போனாள். துணைக்குப் போனவள் லைசென்சோடு வந்து நின்றாள். தையல் கற்றுக்கொண்டு மிஷினைத் தொடாமல் வைத்திருக்கிறாளே, அந்த மாதிரிதான் இதுவும் என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன். ஒரு நாள் காரில் ஏறினால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது, கண்ணாடிகள் எல்லாம் எங்கேயோ பார்க்கின்றன, பின் சீட்டில் கோழி இறகு. பெரியநாயகி பண்ணை முட்டைகளை அட்டை அட்டையாக ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் சேந்தமங்கலம் வரை போய்க் கடைகளில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு முட்டை சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் உடைந்து, அந்த வாடை இன்றுவரை போகவில்லை. கேட்டால், "ஏனுங்க, காருன்னா நாலு பேருக்கு ஒதவோணுமுங்க. மூடியே வெக்கறதுக்கு அதென்ன ஊறுகா ஜாடியா?" என்கிறாள்.

சரி, சாவியை ஒளித்து வைப்போம் என்று பார்த்தேன். எங்கே ஒளித்தேன் என்று கேட்காதீர்கள், நானே சொல்லிவிடுகிறேன், அரிசி டப்பாவில். மறுநாள் சாவி சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது, குங்குமப் பொட்டோடு. "தெனமும் அரிசி அளந்து போடறது ஆருங்க, நீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அடுத்து, பானட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன். அவள் மெக்கானிக் குமரனுக்குப் போன் போட்டுவிட்டாள். அவன் வந்து பார்த்துவிட்டு, நான் பக்கத்தில் நிற்பதுகூடத் தெரியாமல், "ஏனுங்கக்கா, வயரக் கழட்டுனது ஆருங்க, திருடனா?" என்று கேட்க, "திருடனில்ல கண்ணு, எங்கூட்டுக்காரரு" என்கிறாள் உங்கள் தங்கை. அவன் சிரித்த சிரிப்பில் பானட்டே ஆடியது. போகும்போது வயரை எப்படி மாட்டுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வேறு போனான்.

அதற்கப்புறம்தான் அந்த எலுமிச்சம்பழ யோசனை வந்தது, மச்சான், அது எனக்கு வந்திருக்கவே கூடாது. அமாவாசைக்கு வண்டிக்குப் பூசை போட்டு டயருக்கு அடியில் பழம் வைத்தால் நீங்கள் ஏறி உட்கார்ந்து எடுத்தால்தானே உங்கள் ரிக் நகரும்? வேறு எவனாவது அந்தப் பழத்தை நசுக்கிவிடுவானா? அந்த முறையை நான் அமாவாசைக்குக் காத்திருக்காமல் தினமும் செய்தேன். குங்குமம் தடவி, முன் டயர்கள் இரண்டுக்கும் அடியில் பழம். சாமிக்குப் பயந்தவள், மீற மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். அவள் மீறவும் இல்லை. விடியற்காலையில் நான் வாக்கிங் போன நேரம் பார்த்துப் பழங்களைக் கும்பிட்டு எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, போய்விட்டு வந்ததும் மறுபடி கும்பிட்டு அதே இடத்தில் வைத்திருக்கிறாள். நான் தினமும் காலையில் முழுப் பழத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாசல் தெருவைப் பார்த்துச் சரிவு என்பதால் ஒரு நாள் ஒரு பழம் உருண்டுபோய் எதிர்வீட்டுத் தனப்பிரியாவின் வாசலில் நின்றுவிட்டது. குங்குமம் தடவிய பழம், அதுவும் வெள்ளிக்கிழமை. நான் தினமும் இருட்டினதும் குனிந்து குனிந்து எதையோ வைப்பதையும் அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். செய்வினை என்று முடிவு கட்டி, பூசாரியைக் கூட்டிவந்து, எங்கள் கேட்டுக்கு நேராகப் பூசணிக்காய் உடைத்துவிட்டார்கள். பால்காரர் எங்கள் வீட்டை முகம் திருப்பிக்கொண்டு தாண்டிப் போனார். வேறு வழியில்லாமல் நடுத்தெருவில் நின்று, "செய்வினையெல்லாம் இல்லீங்க, எம்பட சம்சாரம் காரை எடுக்கக் கூடாதுன்னு வெச்சதுங்க" என்று நானே சொன்னேன். தெருவே சிரித்தது, அதுகூடப் பரவாயில்லை. தனப்பிரியா ஓடிவந்து, "அக்கா, நீங்க காரு ஓட்டுவீங்களா? சொல்லவே இல்லீங்களே!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை, சந்தைக்கு ஒரு நடை, கல்யாண மண்டபத்துக்கு ஒரு நடை என்று தெருவிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் என் காரில்தான் போகிறார்கள். நிறுத்தப் போன நானே ஊரெல்லாம் விளம்பரம் செய்த மாதிரி ஆகிவிட்டது.

நேற்று நேராகவே கேட்டுவிட்டேன். "ஒரு வார்த்தை கேட்டா நான் சாவி குடுக்க மாட்டனா?" என்றேன். அவள் அவரைக்காய் நறுக்குவதிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "குடுப்பீங்க. ஆனா கேட்டா நீங்களும் கூட வருவீங்க. அதுக்குத்தாங்க கேக்கறதில்ல" என்றாள். வந்தால் என்ன என்றேன். "ஒருக்கா கூட வந்தீங்களே, லாரி வருது லாரி வருதுன்னு கத்திக்கிட்டே டேஷ்போர்டப் புடிச்சுக்கிட்டீங்க. நானு பிரேக்குன்னு நெனச்சு கிளச்ச மிதிச்சுட்டேன். உங்கள ஊட்ல உட்டுட்டுப் போனாத்தான் எனக்கு நல்லா ஓட்ட வருது" என்கிறாள். மனசு விட்டுப்போயிற்று, மச்சான். நம் ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரி, நான் பயந்துதானே கத்தினேன்? அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு ஒரு டீ போடத் தெரியுமா? இத்தனை வருஷம் எங்கே போனாலும் இரண்டு பேராகப் போனவர்கள் நாங்கள். இப்போது அவள் போகிறாள், நான் கேட்டைச் சாத்துகிறேன்.

ஆகவே தாங்கள் மூத்தவர் என்ற முறையில் ஒரு நாள் நேரில் வந்து அதட்டி, காரைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வண்டி இறங்கும் இடமெல்லாம் ஊற்று பீறிட்டு வர அர்த்தநாரீசுவரர் கண் திறக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டியவன்,
தண்டாயுதபாணி.

பின்குறிப்பு: இதை உங்கள் ஊருக்கு வரும் வழியில், எலச்சிபாளையத்தில் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் கவரை ஒட்டப் போகும்போது அவள் சாவியோடு வந்து, "அண்ணனுக்குக் கடுதாசியா? குடுங்க, அங்கதான் கெளம்பறேன்" என்று வாங்கிக்கொண்டாள். கேட் வரை போனவள் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, வாரீங்களா? வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஏறிவிட்டேன். வழியில் மூன்று லாரியை ஓவர்டேக் செய்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேனே தவிர ஒரு சத்தம் போடவில்லை. அவள் இப்போது பூ வாங்க இறங்கியிருப்பதால் கவரை எடுத்து இதைச் சேர்க்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் வீட்டில் இருப்போம். மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதீர்கள், அவளை ஒரு வார்த்தை கண்டித்துவிடாதீர்கள். கோபம் வந்தால் என்னை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு அவள் மட்டும் கிளம்பிவிடுவாள்.