கிள்ளான் வீட்டுக்கு நான் விலை பேசிய அழகு

தமிழில் பேசினால் இந்த நாட்டில் தமிழரைத் தவிர வேறு யாருக்கும் புரியாது என்று நம்பி வாழ்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். லிஃப்டில், கிளினிக்கில், பாசாரில், பக்கத்தில் நிற்பவரைப் பற்றி அவர் பக்கத்திலேயே நின்று பேசியிருக்கிறேன். (நீங்களும்தான் பேசியிருப்பீங்க, சும்மா முழிக்காதீங்க.) அந்தக் கொழுப்பு கிள்ளானில் ஒரு வீட்டு வரவேற்பறையில், நின்ற நிலையில், மொத்தமாகக் கரைக்கப்பட்டது.

அப்போது நானும் என் மனைவி கோகிலாவும் சுங்கை வேயில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அது மூன்றாவது வாடகை வீடு. அந்த வீட்டுக்காரரும் வீட்டை மகனுக்குத் தரப்போவதாகச் சொல்லிவிட்டார். இன்னொரு வாடகை வீட்டுக்குச் சட்டி பானையை லோரியில் ஏற்ற மாட்டேன் என்றாள் கோகிலா. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அழுதுகொண்டே சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் கிள்ளானில் ஒரு ஸ்மார்ட் வீடு விலைக்கு வந்தது. விரல் வைத்தால் கதவு திறக்கும், ஆள் நுழைந்தால் விளக்கு எரியும், போனைத் தொட்டால் திரைச்சீலை விலகும். உரிமையாளர் லியோங் என்ற சீனப் பெரியவர். மகனோடு பந்திங்கில் இருந்துகொண்டு ஆறு லட்சத்து ஐம்பதாயிரம் வெள்ளி கேட்டார். ஏஜெண்ட் ஃபரிடா எங்களைச் சுற்றிக் காட்டினார். வரவேற்பறைக் கேமராவைக் காட்டி, உரிமையாளர் எங்கிருந்தும் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெருமையாகவும் சொன்னார். அதனால் அந்தப் பெண்மேல் பழி போட எனக்கு வழியில்லை.

ஃபரிடாவுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

விலை பேசுவதில் நான் பெரிய ஆள். பிரிக்ஃபீல்ட்ஸ் புடவைக் கடைக்காரர்கள் என்னைக் கண்டால் கால்குலேட்டரை ஒளித்து வைப்பார்கள். (அப்படித்தான் நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.) பெரியவர் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தால், எங்கள் முகத்தில் ஆசை தெரிந்துவிட்டால் விலை இறங்கவே இறங்காது என்று கணக்குப் போட்டேன். பேச்சு காதில் விழுந்தால்தான் என்ன, சீனருக்கு எங்கே புரியப்போகிறது? கோகிலாவிடம் கட்டளையிட்டேன். "மூஞ்ச மட்டும் புடிக்காத மாதிரி வச்சுக்க. வாய்ல என்ன வேணா பேசு."

பாவம், சொன்னதைச் செய்தாள். விளக்கெண்ணெய் குடித்தவள் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எனக்கு இந்த வீடு ரொம்பப் புடிச்சிருக்குங்க. இது கெடைக்கலன்னா எங்கம்மா வீட்டுக்கே போயிருவேன்" என்றாள்.

நானும் சுவரை முறைத்தபடி என் திட்டத்தை விளக்கினேன். முதலில் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் என்று ஆரம்பிப்பேன். மேல்மாடிக் குளியலறை ஒழுகுகிறது என்று ஒரு போடு போடுவேன். பேங்க்கில் ஆறு லட்சத்து முப்பதாயிரம் வரை கிடைக்கும் என்பதை உயிர் போனாலும் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம் வீட்டு விலை ஏறிக்கொண்டிருப்பதே கிழவருக்குத் தெரியவில்லை, ஆள் சரியான ஏமாளி. அதோடு நிறுத்தினேனா? சுவரில் இருந்த அவருடைய குடும்பப் படத்தைப் பார்த்து, மண்டைக்கு மேலே முடியும் இல்லை, உள்ளே சரக்கும் இல்லை என்றேன். (விலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியல.)

கூரையில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

"தம்பி, மேல பாத்ரூம் ஒழுகல. போன மாசந்தான் பைப்பு மாத்துனேன்."

தமிழ். அதுவும் அசல் ரப்பர் தோட்டத்துத் தமிழ், என் மாமா பேசுவது மாதிரி. சுவருக்குக் காது உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கூரைக்கு வாய் உண்டு என்று யாரும் சொன்னதில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அது தானாக விலகிக்கொண்டது.

"அங்க நிக்காதீங்க தம்பி, வெயில் லா" என்றது கூரை.

கோகிலா கூரையைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம் அங்கிள்" என்றாள். முகம் மட்டும் இன்னும் சுளித்தபடியே இருந்தது. மாற்ற மறந்துவிட்டாள்.

கூரை ஸ்பீக்கர் வழியாகப் பேசியது லியோங் பெரியவர்தான். அவருடைய அப்பா பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். அவர் விளையாடியது, சண்டை போட்டது, கெட்ட வார்த்தை கற்றது எல்லாம் தமிழ்ப் பிள்ளைகளோடுதானாம். இதையெல்லாம் துளிக் கோபமில்லாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் கோகிலாவின் வீட்டைக் கெடுத்துவிட்டேன். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று கூரையிடம் கெஞ்சினேன்.

கூரை தீர்ப்புச் சொன்னது.

"ஒங்களுக்கு விக்க மாட்டேன் தம்பி. அந்தப் பொண்ணுக்கு விக்கிறேன். ஆறு முப்பது. பேங்க்ல கெடைக்கும்னு நீங்கதான சொன்னீங்க. பத்திரத்துல அந்தப் பொண்ணு பேருதான் இருக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலா சரி என்றுவிட்டாள். போன் பேசி முடித்து உள்ளே வந்த ஃபரிடா, விலை பற்றிப் பேச ஆரம்பிக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

சாவி கைமாறிய நாளில் லியோங் அங்கிள் தொப்பியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றி, தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். வீட்டின் மொத்தக் கட்டுப்பாட்டையும் கோகிலாவின் போனுக்கு மாற்றினார். அடுத்து என் விரல்ரேகையைப் பதிவு செய்துகொண்டு, இவரை என்னவென்று போடுவது, ஓனரா, கெஸ்ட்டா என்று அவளிடம் கேட்டார். கோகிலா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கெஸ்ட்டுன்னே போடுங்க அங்கிள்."

இன்றைக்கும் போர்ட் கிள்ளானில் வேலை முடிந்து வந்து நான் கதவில் விரல் வைத்தால், விருந்தாளி வந்திருக்கிறார் என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வீடு முழுக்க அறிவிக்கிறது. ஒரு தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கோகிலாவின் தம்பி என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை, போன் செய்தால் கெஸ்ட் சாப்பிட்டாரா என்றுதான் விசாரிக்கிறான். கெஸ்ட் என்பதை மாற்றச் சொல்லிக் கோகிலாவிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"ஓனர் யோசிச்சுச் சொல்லுவாங்க" என்கிறாள்.