டோரீனுக்கு வெந்நீர், எனக்கு மஞ்சத்தண்ணி

நேத்து எனக்கு லீவு. இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாவு மிஷினுக்குப் போய் கேழ்வரகு அரைச்சுக்கினு வரணும்.

இதுல தப்பு நடக்க இன்னா இருக்குன்னு கேப்பீங்க. என்னைத் தெரிஞ்சவங்க கேக்க மாட்டாங்க.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். எங்க வூட்டுக்காரர் ஜவ்வாது மலையில ஸ்கூல் வாத்தியார். நான் அவரோட மலை மேலயே இருந்துக்கினு, சென்னையில இருக்கற ஒரு கால் சென்டருக்கு வேலை பாக்கறேன். இங்கிலாந்துல வூட்டு பாய்லர் மக்கர் பண்ணி வெந்நீர் வரலன்னா போன் பண்ணுவாங்க. எடுக்கறது நான்.

அதுலயும் எனக்குன்னு ஒதுக்கினது நியூகாசில் பக்கம். அந்த ஊரு ஜனங்களுக்குப் பேரு ஜோர்டி. அவங்க பேச்சுக்கும் ஜோர்டின்னுதான் பேரு. இங்கிலீஷ்தான், ஆனா லண்டன்காரங்களே முழிப்பாங்க. நம்ம 'இன்னா'வைக் கேட்டு மதுரைக்காரங்க சிரிக்கறாங்க இல்ல, அந்த மாதிரி இவங்க பேச்சைக் கேட்டு தெக்கத்தி இங்கிலீஷ்காரங்க சிரிப்பாங்க. அதனாலயே எனக்கு இவங்க மேல ஒரு பாசம்!

யாரா இருந்தாலும் 'பெட்'டுன்னுதான் கூப்பிடுவாங்க. நம்ம 'கண்ணு' மாதிரி. ஆமாங்கறதுக்கு 'வை ஐ'. வா வா, ஒண்ணும் ஆவாதுன்னு தைரியம் குடுக்க 'ஹவேய்'. பேசப் பேச ராகம் மேல மேல ஏறும். அவங்க கிட்ட போய் புஸ்தக இங்கிலீஷ்ல 'உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்'னு ஆரம்பிச்சா போனை வெச்சிடுவாங்க. அவங்க மாதிரியே பேசினா உருகிடுவாங்க.

அதனால நானும் கத்துக்கினேன். கொஞ்சம் ஓவராவே கத்துக்கினேன். தூக்கத்துல கூட அதான் வருதுன்னு வூட்டுக்காரர் சொல்றாரு.

சரி, மிஷினுக்கு வருவோம். அங்க ஒரே கூட்டம்.

"இப்பத்தாம்மா கரண்டு வந்துச்சு. வெச்சிட்டுப் போ, ஆனதும் கூப்புடறேன்"னாரு மிஷின்காரர் குப்புசாமி அண்ணன்.

அந்த நேரம் பாத்து டீம் லீடர் கிட்ட இருந்து மெசேஜ். 'டோரீன்னு ஒரு கஸ்டமர். மூணு பேரு பேசிப் பாத்தாச்சு. மூணு பேரு கிட்டயும் கட் பண்ணிட்டாங்க. உங்க போனுக்கு லைனை மாத்தறேன், லீவுல இருந்தாலும் பேசுங்க ப்ளீஸ்.'

கீழ இன்னொரு வரி. 'இதுவும் கட் ஆனா, உங்களை மலையில இருந்து வேலை பாக்க விட்டதே தப்புன்னு மேல சொல்றாங்க. அடுத்த மாசத்துல இருந்து சென்னை ஆபீஸ்தான்.'

சென்னைன்னா ஹாஸ்டல். அவரு இங்க, நான் அங்க. கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு வருஷம் அப்படி இருந்து பாத்தாச்சு. தெனம் போன்ல அழுதுதான் தூங்குவேன். மறுபடியும் அந்தப் பொழப்பு எனக்கு வேணவே வேணாம்.

வூட்ல நெட்டு இருக்கு, ஆனா வூடு தூரம். பக்கத்துல சிக்னல் நல்லா கிடைக்கற இடம் ஒண்ணுதான். காளியம்மன் கோயில் பாறை. அதுவும் பாறை மேல இருக்கற புங்கமரத்துக் கிளையில போனைத் தொங்கவுட்டாத்தான் கிடைக்கும். கையில எடுத்தா போயிடும்!

ஓடினேன். போனை மஞ்சப்பையில போட்டு கிளையில மாட்டினேன். ஒயர் இல்லாத இயர்போனைக் காதுல சொருவிக்கினேன்.

இப்ப இதை மட்டும் கொஞ்சம் கவனிங்க. தை மாசம், வெள்ளிக்கிழமை. தலைக்கு ஊத்திக்கினு முடியை விரிச்சு வுட்டிருக்கேன். காதுல இருக்கறது முடிக்குள்ள மறைஞ்சு போச்சு. கட்டியிருக்கறது செவப்புப் பொடவை. நிக்கறது அம்மன் பாறையில.

இதெல்லாம் எனக்கு அப்ப உறைக்கல. அறிவு எப்பவுமே எனக்கு அடுத்த பஸ்ஸுலதான் வரும்.

டோரீன் லைன்ல வந்தாங்க. வயசானவங்க. அவங்க பேசினதை நம்ம பேச்சுலயே சொல்றேன், அதான் பொருத்தம்.

"இன்னா கண்ணு, நீயும் வருந்தறியா? வருந்தினா இப்பவே வெச்சிடறேன்!"

"ஐயோ, நான் ஏன் பெட் வருந்தறேன்? இன்னா ஆச்சு சொல்லுங்க!"

ஜோர்டியில கேட்டதும் கொஞ்சம் எறங்கி வந்தாங்க.

"வெந்நீரே வரல. நாலஞ்சு நாளா ஐஸ் தண்ணியிலதான் குளிக்கறேன். நாங்க பனி கொட்டறப்பவே கோட்டு இல்லாம சுத்தறவங்கதான். அதுக்காக ஐஸ் தண்ணியில குளிப்பாங்களா? நீங்கல்லாம் வெயில்ல உக்காந்துக்கினு 'உங்க கஷ்டம் புரியுது'ன்றீங்க. இன்னா புரிஞ்சிது உங்களுக்கு?"

கோளாறு சின்னதுதான். பாய்லருக்கு அடியில ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினா பிரஷர் காட்டற முள்ளு ஏறும். பச்சையைத் தொட்டதும் மூடிட்டு பட்டனை அமுக்கணும். அவ்ளோதான்.

"நான் தொட மாட்டேன். வெடிச்சிடும். ஆளை அனுப்பு!"

ஆளு வர நாளாவும்னு சொன்னா கட் பண்ணிடுவாங்க. கட் பண்ணா எனக்கு ஹாஸ்டல்.

வேற வழி இல்ல. கொழந்தைக்கு நடை பழக்கற மாதிரி ஆரம்பிச்சேன். "ஹவேய் பெட்! ஹவேய்! கிட்ட போங்க! ஹவேய்!" காத்து வேற அடிக்குது, அதனால கத்தறேன். நல்லா காதுல விழணும்னு கண்ணை மூடிக்கினேன். கெஞ்சும்போது எனக்கு ஒடம்பு தானா ஆடும். கையும் ஆடும்.

நடுவுல கண்ணைத் தொறந்தேன்.

கீழ ஒரு கூட்டம் நிக்குது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கினு!

முன்னாடி குப்புசாமி அண்ணன், தலையெல்லாம் மாவு. மாவு ரெடின்னு சொல்ல வந்திருக்காரு பாவம். பக்கத்துல எங்க எதிர் வூட்டு செல்வி அக்கா, கையில கற்பூரத் தட்டு.

"வந்திருக்கறது யாரு? சொல்லு தாயே!"

"யாரு கண்ணு அது?"ன்னு காதுல டோரீன்.

போனு கிளையில தொங்குது. எடுத்தா லைன் போயிடும். இவங்களுக்கு பதில் சொன்னா அவங்களுக்குக் கேக்கும், கம்பெனியில ரெக்கார்டும் ஆவும். கொஞ்சம் இருங்கன்னு கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

"ஆசீர்வாதம் பண்றா!"ன்னு நாலு பேரு தடால்னு காலுல விழுந்தாங்க.

குப்புசாமி அண்ணன் பயபக்தியோட கேட்டாரு. "தாயே, சாயங்காலம் போளூர் பஸ்ஸு வருமா? முந்தா நாளும் வரல, நேத்தும் வரல."

அதே நேரம் டோரீன், "திருகுன்றது இந்த செவப்பா இருக்கறதா?"ன்னாங்க.

"வை ஐ!"ன்னு சந்தோஷத்துல தலையை ஆட்டினேன்.

"வருமாம்டா! தாய் தலையாட்டிட்டா!"

கூட்டத்துல ஒருத்தருக்கு மட்டும் சந்தேகம். "போன்ல பேசற மாதிரி கீதே?"

செல்வி அக்கா வுடல. "கையில போனு எங்க கீது? இங்கிலீஷா இருந்தா எனக்குத் தெரியாதா? தெனம் டிவியில கேக்கறேன். இது இங்கிலீஷே இல்ல!"

இதையேதான் எங்க கம்பெனியோட லண்டன் மேனேஜரும் சொல்வாரு.

அப்பதான் ரெண்டு பேரு குடத்தைத் தூக்கிக்கினு வர்றதைப் பாத்தேன். மஞ்சத்தண்ணி! ஊத்துல இருந்து புடிச்ச தண்ணி, தை மாசத்துல. வேணாம் வேணாம்னு தலையை வேகமா ஆட்டினேன். ஈர முடி ரெண்டு பக்கமும் பறந்துச்சு. சாமி வந்தவங்க வேற எப்படி ஆடுவாங்க சொல்லுங்க?

"ஆட்டம் ஜாஸ்தியாவுது, ஊத்துங்க!"

ஊத்திட்டாங்க.

நான் கத்தின கத்து இருக்கே, அது தமிழும் இல்ல, ஜோர்டியும் இல்ல.

போச்சு, இதைக் கேட்டு டோரீன் கட் பண்ணியிருப்பாங்க, இனிமே ஹாஸ்டல்தான்னு கண்ணு கலங்கிடிச்சு.

"கண்ணு? இன்னா ஆச்சு?"

பொய் சொல்லத் தோணல. பல்லு தந்தி அடிக்குது. "பச்சத்தண்ணியைத் தலையில கொட்டிட்டாங்க பெட்."

"யாரு?"

"ஊர்க்காரங்க."

"எதுக்கு?"

"என்னை சாமின்னு நெனச்சு."

டோரீன் சிரிச்சாங்க பாருங்க! இருமி, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரிச்சாங்க. "குளிருதா கண்ணு?"

"செத்துடுவேன் போலக் கீது!"

"இப்பதான்டி உனக்கு நெஜமாவே புரிஞ்சிருக்குது! இரு, இரு, அழாத. திருகைத் திருப்பறேன்."

திருப்பிட்டாங்க! முள்ளு பச்சைக்கு வந்துச்சு. பட்டனை அமுக்கினாங்க. அந்தப் பக்கம் 'டுப்'புன்னு பாய்லர் பத்திக்கினது எனக்கே கேட்டுச்சு.

"சுடுது கண்ணு! தண்ணி சுடுது!"

"வை ஐ!"ன்னு ரெண்டு கையையும் தூக்கிக் குதிச்சேன். கீழ பொம்பளைங்க எல்லாம் குலவை போட்டாங்க.

"எனக்காகவா கத்தறாங்க?"ன்னாங்க டோரீன். குரலே மாறிப் போச்சு.

ஆமான்னுட்டேன். அவங்களை இன்னா ஏதுன்னு கேக்க வூட்ல வேற ஆளில்லைன்னு அந்தக் குரல்லயே தெரிஞ்சுது.

லைனை வெச்சதும் எறங்கி வந்து உண்மையைச் சொன்னேன். இயர்போனைக் கழட்டிக் காட்டினேன். செல்வி அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "வெந்நீருக்காகவா இவ்ளோ கூத்து? அடுப்புல ஒரு அண்டா வெக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

கம்பெனியில இத்தனை வருஷமா யாருக்கும் தோணாத யோசனை.

குப்புசாமி அண்ணன் மட்டும் மனசு ஒடைஞ்சு நின்னாரு. "அப்ப பஸ்ஸு?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும்!"

நேத்துன்னு பாத்து அந்த பஸ்ஸும் வந்து தொலைச்சிது. அதுல இருந்து எதிர்ல வர்றவங்க செருப்பைக் கழட்டிட்டுத்தான் என்கிட்ட பேசறாங்க.

இன்னிக்குக் காலையில டீம் லீடர் கூப்பிட்டாரு. டோரீன் எனக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்களாம். 'என் கஷ்டம் புரிஞ்ச ஒரே ஆளு'ன்னு எழுதியிருக்காங்களாம். சென்னைக்கு வர வேணாம், மலையிலயே இருந்து வேலை பாருங்கன்னாரு. எனக்கு அழுகையே வந்துடிச்சு.

"ஒரே ஒரு ரிக்வெஸ்ட் மேடம். கஸ்டமரோட கஷ்டத்தை அந்த அளவுக்கு எப்படி உணர்றதுன்னு நம்ம டீமுக்கு ஒரு ட்ரெயினிங் குடுக்கணும்."

"குடுத்துடலாம் சார். வர்றப்ப ஆளுக்கொரு துண்டு மட்டும் எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."