முட்டி வலிக்கு ஒரு நீல மாத்திரை

டாக்டரின் அறையில் இருந்தவர்கள்: சட்டையில்லாமல் கட்டிலில் படுத்திருந்த சக்கரபாணி, தலைமாட்டில் அவன் மனைவி சரோஜா, கால்மாட்டில் மாமனார் ஆதிமூலம், ஈசிஜி காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ரேவதி.

"நாக்கைத் தூக்குங்க மாப்ள." ஆதிமூலம் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். "எனக்கு நெஞ்சு வலின்னா இதைத்தான் அடியில வச்சுக்குவேன். கப்புனு நிக்கும்."

"நானும் அதைத்தான் குடுக்கப் போறேன். வைங்க," என்றார் டாக்டர்.

சக்கரபாணி வாயை இறுக மூடிக்கொண்டான்.

ஒரு மாதமாக வீட்டோடு இருக்கும் மாமனார் மத்தியானம் கிரிவலம் கிளம்பியதும், அவன் ஒரு நீல மாத்திரை போட்டிருந்தான். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று பஸ் ஏறி வெளியூரான சேத்துப்பட்டுக்குப் போய் வாங்கியது. கடைக்காரர் அப்போதே எச்சரித்தார்: "ஆம்பளைங்க சமாச்சாரத்துக்கு நல்லாக் கேக்கும். ஆனா நெஞ்சு வலி மாத்திரையோட மட்டும் சேத்துடாதீங்க. பிரஷர் ஒரேடியா இறங்கி ஆளே போயிடுவீங்க."

மாத்திரை வேலையைக் காட்டுவதற்குள் நெஞ்சு வலி வந்துவிட்டது. கிரிவலப் பாதையில் பாதி வழியான அடி அண்ணாமலையைக்கூடத் தாண்டாமல் மாமனாரும் திரும்பி வந்துவிட்டார்.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும்.

"மாத்திரைன்னா எனக்கு வாந்தி வருங்க," என்றான்.

"அப்ப அதே மருந்தை டிரிப்ஸ்ல ஏத்திடலாம்."

"வேணாங்க! வலி கம்மியாயிடுச்சு." எழுந்து உட்கார்ந்தான். தலை சுற்றிச் சாய்ந்தான்.

"ரிஸ்க் வேணாம். டிரிப்ஸோட வேலூருக்கு அனுப்பிடறேன்."

சரோஜா அழ ஆரம்பித்தாள். ஆதிமூலத்துக்குக் கோபம் வந்தது.

"சின்னப் புள்ளையா நீங்க? நான் வச்சுக் காட்டறேன், பாருங்க. எனக்கும் மலை சுத்தறப்பவே நெஞ்சு ஒரு மாதிரியாத்தான் இருந்துது."

சக்கரபாணி டாக்டரைக் கிட்டே கூப்பிட்டான். மகள் வயசுப் பெண். காதில் சொன்னான்.

டாக்டர் நிமிர்ந்தார். "எப்ப போட்டீங்க?"

"மத்தியானம்."

"மத்தியானமா?"

"வீடு காலியா இருந்துதுங்க."

"எத்தனை?"

"ஒண்ணுதான். அட்டையில இன்னொண்ணு பாக்கி இருக்குது."

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "எது, அந்த நீலக் கலர் மாத்திரையா?"

அவளிடம் முட்டி வலிக்கு என்றுதான் சொல்லி வைத்திருந்தான். தலையாட்டினான்.

"பாக்கி ஏது? மலை சுத்தறப்போ முட்டி வலிக்கக்கூடாதுன்னு, அதை நைனாவுக்குக் குடுத்துட்டேனே!"

டாக்டர் திரும்பினார். ஆதிமூலம் நாக்கைத் தூக்கிக்கொண்டு, மாத்திரையை வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அதைத் தட்டிவிட்டு, தனியாக விசாரிக்க அவரைக் கையைப் பிடித்து அடுத்த அறைக்குள் இழுத்துப் போனார் டாக்டர்.

கதவு சாத்தித் தாழிடப்பட்டது.