சுபிட்சம் அண்ணனின் வாக்குமூலம்

கெட்ட சேதி ஒன்றைக்கூட வாயால் சொல்லாமல் அறுபது வயதைத் தாண்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், என் மனைவியின் ஊரில், தேங்காய் நார் மில் வைத்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். ஊருக்கு அவர் சுபிட்சம் அண்ணன். எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும், குளிர்காய்ச்சலில் போர்வைக்குள் பல் தந்தியடிக்கும்போதுகூட, "சுபிட்சம்" என்பார்.

எங்கள் பக்கத்தில் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டோம், குளிர வைக்கச் சொல்வோம். மளிகைக்கடைக்காரர் உப்பு இல்லை என்று சொல்ல மாட்டார், நாளைக்கு வாங்க என்பார். இதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். அண்ணனோ இதைப் பெரிய சட்டமாகவே ஆக்கி வைத்திருந்தார். தொழில் நடக்கிற இடத்தில் 'இல்லை', 'நின்னுபோச்சு', 'நட்டம்' மூன்றுக்கும் தடை. மில்லுக்குக் காது உண்டு என்பது அவர் கட்சி.

புயல் அடித்த மறுநாள் போயிருந்தேன். மில்லின் தகரக் கூரை பக்கத்துத் தோப்பில் கிடந்தது.

"என்னண்ணே, கூரை அங்கிட்டு கெடக்கு!"

"காத்தோட்டமா இருக்கு தம்பி. பொம்பளைக சொகமா வேலை பாக்கலாம்."

தேங்காய் மட்டை அடிக்கிற மெஷின் பல் உடைந்து கிடந்தபோது, "ஓய்வெடுக்குது. பாவம், எம்புட்டு ஒழைச்சிருக்கும்" என்று அதைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு ஊரடங்கு வந்தது. புயலில் விழுந்தது போக மீந்த மரங்களின் மட்டையை வாங்கி நாராக்கினாலும் ஏற்றிப்போக லாரி கிடையாது, வாங்க ஆள் கிடையாது. மில் நின்றது. அதை நம்பிப் பதினோரு பெண்கள் இருந்தார்கள்.

நலிந்த தொழில்களைக் கைதூக்கிவிட அரசாங்கம் கடனுதவி அறிவித்தது. அந்த மனுக்களை வாங்கி அடுக்குகிற எழுத்தராக நான் புதுக்கோட்டையில் இருந்தேன். அதைவிடச் சுலபமான மனுவை என் சர்வீஸில் பார்த்ததில்லை. அழத் தெரிந்தால் போதும். காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்து அழுதார்கள். மூன்று கல் கிரஷர் வைத்திருந்த ஒருவர் என் மேஜையில் சாய்ந்து அழுத அழுகையைப் பார்த்து, என் டிபன் பாக்ஸை அவரிடம் நீட்டிவிட்டேன். அவரும் வாங்கிச் சாப்பிட்டார்.

அண்ணனின் மனுவும் வந்தது. 'தொழிலின் தற்போதைய நிலை' என்ற இடத்தில் 'சுபிட்சம்' என்றிருந்தது. 'சென்ற ஆண்டு நட்டம்' என்ற இடத்தில், 'ஆண்டவன் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம்.' உதவி கோரும் காரணம்? 'அரசு கொடுக்கிறது.' நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்.

போன் போட்டேன். "அண்ணே, இப்படி எழுதுனா ஒங்களுக்கு விருதுதான் குடுக்கணும். கடன் குடுக்க முடியாது."

"விருதையும் குடுங்க தம்பி. வேணாம்னா சொல்லப்போறேன்?"

மூன்று முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை வந்த மனுவில் மஞ்சளோடு குங்குமமும் சேர்ந்திருந்ததே தவிர எழுத்து மாறவில்லை. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நேரில் பார்த்து முடிவெடுக்க ஓர் அதிகாரி அம்மா கிளம்பினார். துணைக்கு நான். மேடம் வருகிறார் என்று அண்ணனுக்கு முன்னாடியே சொல்லிவைத்தேன். புத்தியுள்ளவன் செய்கிற காரியமா அது?

போய் இறங்கினால் வாசலில் இரண்டு வாழை மரம். சுவரெல்லாம் புது வெள்ளை. பதினோரு பெண்களும் பட்டுச் சேலையில் வரிசையாக நின்றார்கள். தோப்புக்காரர்களிடம் கேட்டு வாங்கிய இரவல் மட்டை மலையாகக் குவிந்திருந்தது. லாரியும் இரவல்தான். போக இடமில்லாத அந்த லாரியில் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் கையில் பன்னீர்ச் செம்பு.

அதிகாரி அம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்து என்னிடம் கேட்டார். "இவ்வளவு நல்லா ஓடுற மில்லுக்கு எதுக்கு சார் உதவி?" அந்தக் குரலில் சஸ்பென்ஷன் வாசனை அடித்தது.

பெண்களில் மூத்தவரான சரோஜா முன்னால் வந்தார். அவருக்கும் மில்லின் சட்டம் தெரியும்.

"மேடம், மெஷின் அஞ்சு மாசமா ஓய்வுல இருக்குங்க. ஆனா எங்களுக்குச் சம்பளம் வந்துருது. அண்ணனோட பசு ரெண்டும் வேற வீட்டுக்கு வாழப் போயிருக்கு. பைக்கும் கூடவே போயிருக்குங்க."

"வித்துட்டாரா?"

சரோஜா கூரையைப் பார்த்தார். எனக்கு இந்த விஷயம் அதுவரை தெரியாது. மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அதிகாரி அம்மா இளகிவிட்டார். "சரிங்க. நட்டம்னு ஒங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. வாக்குமூலமா நான் எழுதிக்கிறேன். அது இல்லாம முடியாது."

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். பதினோரு பேரையும் ஒருமுறை பார்த்தார். "இங்கன வேணாம்மா. வெளியில போயிருவோம்."

"வாசல் கேட் பக்கத்துல?"

"மில்லுக்குக் கேக்கும்."

"டீக்கடையில?"

"அங்க நம்ம லோடுமேன்க வருவாக."

ஜீப்பில் ஏறினோம். பேராவூரணி ரோட்டில், "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம் போவோம்மா" என்று சொல்லிச் சொல்லியே கூட்டிக்கொண்டு போனார். தஞ்சாவூர் மாவட்டம் வரவேற்கிறது என்ற பலகை தெரிந்ததும், "இங்கன நிப்பாட்டுங்க" என்றார்.

"அங்கிட்டு என் அதிகாரம் செல்லாது" என்று அதிகாரி அம்மா பலகைக்கு இந்தப் பக்கமே நின்று, ஜீப்பின் முன்பக்கத்தில் ஃபைலை விரித்தார். அண்ணன் பலகையைத் தாண்டிப் பத்தடி நடந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கத்தினார்.

"நட்டம்!"

வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு முறை சொன்னதும் மடை உடைந்துவிட்டது.

"மில்லு நின்னுபோச்சு! பசு போச்சு! அடுத்த மாசம் அந்தப் பொம்பளைகளுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல!"

அறுபது வருஷத்துச் சரக்கல்லவா, இறங்கி முடிய நேரம் பிடித்தது. அதிகாரி அம்மா தலை நிமிராமல் எழுதினார். நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சிரிக்க வாயெடுத்த எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஊர் திரும்பியதும், கேத வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி அடிபம்பில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அண்ணன் மில்லுக்குள் கால் வைத்தார். "என்னண்ணே ஆச்சு?" என்று ஓடி வந்தார் சரோஜா.

"சுபிட்சம்" என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே.

கடன் கிடைத்தது. மெஷினுக்குப் புதுப்பல் வந்தது. பதினோரு பேரில் ஒருவர்கூட வேலையை விட்டுப் போகவில்லை.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நார் விலை படுத்துவிட்டது என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் அண்ணன் போன் செய்தார்.

"சுபிட்சமா இருக்கேன் தம்பி. பாலக்காடு இங்கேருந்து எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

மாவட்டம் தாண்டினால் போதாது, மாநிலமே தாண்டிப் போய்ச் சொல்ல வேண்டிய அளவுக்குப் பெரிசு போலிருக்கிறது.

"ரிட்டயர் ஆன மனுசனுக்கு அங்க என்ன சோலி?" என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும், "காலையில வாரேண்ணே, சேந்தே போவோம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு தூரம் அந்த வார்த்தையோடு அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.