இடது கையால் எழுதிய கட்டுரை

கட்டுக்குள் இருந்த எல்லாக் கட்டுரைகளுக்கும் ஒரே விமர்சனம்: "அருமை நண்பா."

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொன்னால் எழுத்து தேறும் என்று நம்பி, ஒத்தக்கடைக் கல்லூரியில் இதைத் தொடங்கியவள் ரோகிணி. தற்காலிக விரிவுரையாளர்.

"ஒரு தப்புகூடவா கண்ணுல படல?"

"அவன் எனக்கு நல்லாருக்குன்னு போட்டான். நான் எப்பிடி மிஸ் கொறை சொல்ல? மொய் மாதிரித்தான இது?" என்றான் சோணை.

மறுநாள், கட்டுரை, விமர்சனம் இரண்டையும் பேர் போடாமல் எழுதச் சொன்னாள். "தைரியமா உண்மையை எழுதுங்க."

எழுதினார்கள். "இத எழுதுனது எருமை." "படிச்ச கண்ணக் கழுவணும்." கையெழுத்தை வைத்து ஆளைப் பிடித்து, இரண்டு சட்டைகள் கிழிந்தன.

"ஒங்களுக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" என்றார் துறைத்தலைவர்.

ஸ்டாஃப் ரூமில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் குடும்பத்துக்கு முதல் பட்டம் அவளுடையது. ஊரில் அதற்குக் கறிச்சோறு போட்டார்கள். இங்கே 'எந்த ஊரு நீங்க?' என்று கேட்டதோடு பேச்சு முடிந்துவிட்டது.

நல்ல கட்டுரை ஒன்றைப் பார்த்தால்தான் இதுகளுக்குப் புத்தி வரும் என்று, 'மதியம் ஒரு மணி' என்ற தலைப்பில் தானே எழுதினாள். கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால். மாதிரிக்கு என்று ஆரம்பித்தது, எழுத எழுத நிஜமாகிவிட்டது.

"சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்து நாற்காலியில் என் பைதான் உட்காரும். யாராவது வந்தால் எடுத்துவிடலாம் என்று வாசலைப் பார்த்தபடியே சாப்பிடுவேன்."

மற்ற கட்டுரைகளுக்கு நடுவே செருகி வைத்தாள். யாராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

வித்யாஸ்ரீ கைக்கு அது போனது. சத்தமாக வாசித்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

"யாருடி இது?"

"இம்புட்டுக் கேவலமான கையெழுத்து நம்ம வகுப்புல வேற யாருக்கு இருக்கு?"

எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது. சூரியபிரகாஷ். வகுப்பிலேயே சத்தமாகச் சிரிக்கிறவன். இதுவரை ஒரு கட்டுரையும் தராதவன் என்பது ரோகிணிக்கு மட்டும் தெரியும்.

அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

மறுநாள் மதியம் அவனைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்.

"மாப்ள, கோழிக்கொழம்பு ஊத்தவா?"

"ஏலே, தள்ளு. இன்னைக்கு நான்தான் அவன் பக்கத்துல."

ரோகிணி ஜன்னல் வழியே பார்த்தாள். கையில் தயிர்சாதம், பக்கத்தில் பை. அவள் தனிமைக்கு ஊற்ற வேண்டிய குழம்பை எவனோ பிசைந்து தின்கிறான்!

அந்த வாரம் முழுக்கப் பொறுத்தாள். வெள்ளிக்கிழமை அவனை வராந்தாவில் மறித்தாள்.

"அந்தக் கட்டுரை நீ எழுதல. எழுதினது யாருன்னு இப்ப வகுப்புல சொல்லப்போறேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சொல்லிராதீங்க மிஸ். காலேஜ் சேந்ததுல இருந்து இந்த வாரந்தான் என்கூட உக்காந்து சாப்புடுறாய்ங்க."