பாப்பாக்கா கடையில் புரோட்டீன் சார்

ஒரு முழு பஸ்ஸை வாயாலேயே காலி செய்யக்கூடிய மனிதர் சேர்வராயன் மலையில் ஒருவர்தான் இருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காதவர்கள் கூட அவர் பேச்சைக் கேட்டு எடுத்தார்கள். எண்பதுகளில் நான் ஏற்காட்டில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தபோது ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் புரோட்டீன் சார். சென்னையில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு காலம் தள்ளி, ஓய்வுபெற்று, குளிருக்காக மலையேறி வந்தவர். எலிகள் தப்பித்தன, நாங்கள் மாட்டினோம்.

அவர் பேசுவது ஒரே விஷயம், புற்றுநோய். அதிலும் செல்லைப் பற்றி அல்ல; செல்லுக்கு வெளியே இருக்கும் புரதத்தைப் பற்றி. நாகலூரில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஜவ்வரிசிப் பாயசம் பரிமாறினார்கள். சார் ஒரு கரண்டி எடுத்து உயர்த்தினார். ஒவ்வொரு ஜவ்வரிசியும் ஒரு செல்லாம். சுற்றியிருக்கும் கொழகொழப்புதான் புரதமாம். நல்ல உடம்பில் அது செல்லை இருந்த இடத்தில் பிடித்து வைக்குமாம். புற்றுநோய்ச் செல் அதையே அரித்து வழி உண்டாக்கி, மிச்சத்தைப் பற்றிக்கொண்டே வெளியூர் கிளம்பிவிடுமாம். அந்த வரிசையில் பாயசம் குடித்தவர் அவர் ஒருவர்தான். மாப்பிள்ளை கூட மோர் கேட்டார்.

ஒண்டிக்கடை என்ற முக்கில் டீக்கடை வைத்திருந்த பாப்பாக்கா, தலைச்சோலை கிராமத்துக்காரர். வாயில் எப்போதும் புகையிலை. ஒரு மழைக்காலத்தில் அக்காவின் பேச்சு குறைந்தது. தன் டீயை ஆறவைத்துக் குடித்தார். கன்னத்துக்குள் ஆறாத புண் இருப்பதை முதலில் கவனித்தவர் சார்தான். உடனே சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சூடு பட்ட புண், தானாக ஆறிவிடும் என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து கடை திறந்ததும் சார் முதல் பெஞ்சில் உட்கார்ந்து புரதத்தை ஆரம்பித்தார். டீ குடிக்க வந்தவர்கள் எதிர்க்கடைக்குக் குடிபெயர்ந்தார்கள். வடை மலைபோல் மிஞ்சியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா கடைசியில் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க சார், நான் ஆஸ்பத்திரிக்குப் போனா நீங்க எதுத்த கடைக்குப் போயிருவீங்களா?"

"சத்தியமா போயிடறேன்."

"அப்ப நாளைக்கே போலாமுங்க."

துணைக்கு சாரும் நானும் போனோம். ஆபரேஷன் அன்று வராந்தாவில் சார் வாயே திறக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து, முழுசாக எடுத்தாயிற்று, கழுத்துக்குப் பரவவில்லை, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். டாக்டர் இன்று மாட்டினார் என்று நினைத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தம்மா எப்போ கஞ்சி குடிக்கலாம், டாக்டர்?"

ஒரு பக்கக் கன்னம் ஒடுங்கி, புகையிலையை விட்டொழித்து, பாப்பாக்கா மறுபடி கடை திறந்தார். கூட்டம் திரும்பியது. சார் மட்டும் சொன்ன சொல் தவறாமல் எதிர்க்கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழறிய குரலில் கூப்பிட்டார்.

"இங்கயே வந்து உக்காருங்க சார். கடை நொம்ப வெறிச்சுன்னு இருக்குது."

கடையில் நிற்க இடமில்லை. சார் வந்தார், உட்கார்ந்தார், ஆரம்பித்தார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர் சொன்ன எதுவும் எனக்குப் புதிதில்லை; வங்கிக்கும் நேரமாகியிருந்தது. இன்னொரு டீ சொன்னேன்.